நிக்கனோரோடு போன லைசென்ஸ்

நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலாரியா சித்தி உட்கார்ந்திருந்த நேரத்தில், அவளுடைய ஓட்டுநர் உரிமமும் அந்த நெருப்பில்தான் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நிக்கனோர் சித்தப்பா இறந்த எட்டாம் நாள். எங்கள் எல் ஆல்ட்டோ நகரின் கடைசிச் செங்கல் வீடுகளையும் தாண்டி, ஆறு என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்லும் அந்த மெலிந்த ஓடைக்கரைக்கு அவருடைய துணிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். இறந்தவரின் துணிகளைச் சொந்தக்காரர்கள்தான் துவைக்க வேண்டும். நல்லதாய் இருப்பதைக் காயவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர் உடம்போடு ஒட்டி உழைத்ததை எரித்துவிடுவார்கள். போன இடத்தில் அவருக்கு உடுத்த வேண்டுமே. பெண்டாட்டி எதையும் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது. கருப்புச் சால்வையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பனிமலைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் திரும்பினால் போகிறவர் நின்றுவிடுவாராம்.

சித்தி திரும்பவே இல்லை. காற்று சுழன்று புகையை அவள் மேலேயே கொண்டுவந்து போட்டபோதும், இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெருப்பு வேலை முழுவதும் சித்தப்பாவின் அக்கா பசிலியாவின் கையில் இருந்தது. மண்ணுக்குச் சாராயம் தெளித்தாள், கொக்கா இலை தூவினாள், முதுகில் ஓட்டுநர் சங்கத்தின் பெயர் போட்ட அந்தத் தடித்த நீலச் சட்டையைக் கடைசியில் இரண்டு கையாலும் எடுத்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல நெருப்பில் கிடத்தினாள். சித்தப்பாவின் தம்பி செவேரோ குச்சியால் கிளறிவிட்டார். சாம்பலை ஓடையில் தள்ளிவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

மறுநாள் விடிந்ததும் சித்தி வண்டியை எடுக்கப் போனாள். சித்தப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து மினிபஸ் வாசலிலேயே நின்றிருந்தது. தூசி துடைத்து, பேட்டரியைச் சரிபார்த்து, உள்ளே வந்து அலமாரி மேல் கையை விட்டுத் துழாவினாள். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். நாற்காலியில் நின்றபடியே, சூப்புச் சட்டியோடு உள்ளே வந்த பசிலியாவிடம் கேட்டாள்.

"அக்கா, இங்க ஒரு பிளாஸ்டிக் உறை இருந்துச்சே, பார்த்தீங்களா?"

"நிக்கனோரோட லைசென்ஸா? அதை அவன்கிட்டயே அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"சட்டை உள்பையில வச்சு பட்டன் போட்டு அனுப்பினேன். அங்க போய் மட்டும் அவன் சும்மா இருப்பானா? வண்டியத்தான் ஓட்டுவான். இங்க செத்த போலீஸ்காரனெல்லாம் எங்க போறான்? அங்கதானே போறான். கைய நீட்டி பேப்பர் கேப்பான்ல?"

செவேரோ சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். துக்க வீட்டில் ஒன்பது நாளாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு. சித்தி மட்டும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

"உறைக்குப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தீங்களா?"

"பின்பக்கம் என்னத்தப் பார்க்குறது? தம்பி மூஞ்சி தெரிஞ்சுது, எடுத்தேன்."

"பின்பக்கம் நான் இருந்தேன்க்கா."

பசிலியா சட்டியைத் தரையில் வைத்தாள். வைத்த இடத்திலேயே தானும் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஒரு வண்டியைச் சித்தப்பாவும் சித்தியும் இரண்டு பேருமாக ஓட்டினார்கள். விடியலிலிருந்து நடுப்பகல்வரை அவர், அதற்குப் பிறகு அவள். இரண்டு உரிமங்களும் முதுகோடு முதுகு சேர்த்து ஒரே உறையில் இருந்தன. வண்டி ஓடும் நாட்களில் கண்ணாடிக்கு மேலே ஒரு கொக்கியில் அது தொங்கும். காலையில் சித்தப்பாவின் முகம் முன்பக்கம், மதியம் கைமாறும்போது உறையைத் திருப்பிவிட்டால் சித்தியின் முகம். போலீஸ்காரர்களுக்கே அது வேடிக்கை. "இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

சித்தி மேட்டு நிலத்திலிருந்து பதினைந்து வயதில் இங்கே வந்தவள். எங்கள் மினிபஸ் தடம் புறப்படும் முனையில் ஊதாச் சோளக் கஞ்சியும் எண்ணெயில் பொரித்த பாலாடைக்கட்டி அப்பமும் விற்றாள். வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர்கள் அவளிடம்தான் குடிப்பார்கள். அவர்களில் ஒருவர் கஞ்சியைக் குடித்துவிட்டு, குவளையைத் திருப்பிக் கொடுக்காமல் வண்டியோடு போய்விட்டுத் திரும்பி வந்து கொடுப்பார். தினமும். குவளை திருடன் என்று அவருக்குப் பெயர் வைத்தாள். பிறகு அவரையே கட்டிக்கொண்டாள்.

சித்தப்பாவுக்கு இடுப்பு வலி வந்து பாதி நாளுக்கு மேல் உட்கார முடியாமல் போனபோது, மீதிப் பொழுதுக்கு ஆள் வைப்பதைவிட நானே ஓட்டுகிறேன் என்று கிளம்பினாள். ஆட்டுச் சந்தை நடக்கும் பொட்டலில், சந்தையில்லாத நாட்களில் கற்றுக்கொண்டாள். அடுக்குப் பாவாடையும் இரட்டைச் சடையும் உருண்டைத் தொப்பியுமாக ஒரு பெண் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஏறிய ஆட்கள் இறங்கிப் போன நாட்கள் உண்டு. "பாவாடை பிரேக்குல சிக்கிக்காதா?" என்று கேட்டவனிடம், "உன் வாய் கதவுல சிக்காம பார்த்துக்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். கீழே இருக்கும் லா பாஸ் நகரத்துக்கு இறங்கும் அந்தச் சரிவில் ஒரு மழைநாளில், முன்னால் போன லாரி வழுக்கித் திரும்பியபோது வண்டியை ஓரச் சுவரில் உரசி நிறுத்தி, உள்ளே இருந்த ஒருவருக்கும் கீறல் படாமல் காப்பாற்றினாள். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் அவள் வண்டிக்காகக் காத்திருந்து ஏறத் தொடங்கினார்கள்.

அப்போது நான் ஊரில் இல்லை. பல வருடங்கள் சாவ் பாலோவிலும் பிறகு புவெனோஸ் ஐரெஸிலும் தையல் மிஷின் மிதித்துவிட்டு, எந்த ஊரிலும் கால் தரிக்காமல் சித்தப்பா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் திரும்பியிருந்தேன். லாரிக் கதையை எல்லோரும் எனக்கு ஒருமுறை சொல்லிவிட்டார்கள். சொல்லும்போது ஒவ்வொருவரும் அந்த வண்டிக்குள் தானும் இருந்ததாகவே சொன்னார்கள்.

அந்த ஜனங்கள்தான் இப்போது, மதியத்துக்குள், உறை கதையையும் தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள்.

எரித்து அனுப்பியது போய்ச் சேர்ந்துவிடும். சட்டை போய்ச் சேரும், செருப்பு போய்ச் சேரும். அப்படியானால் சித்தியின் முகமும் பெயரும் போட்ட அட்டையும் சித்தப்பாவின் பையில் போய்ச் சேர்ந்திருக்கும். மத்தியானம் ஆனதும் உறையைத் திருப்பி வைத்துவிட்டு அவர் தன் மாற்று ஆளுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். இதை யாரும் சித்தியிடம் நேராகச் சொல்லவில்லை. ரொட்டி வாங்கப் போன இடத்தில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

சங்கத்தின் விதி எளிமையானது. செத்த உறுப்பினரின் இடம் அடுத்த மாதக் கூட்டம்வரை காலியாக வைக்கப்படும். அதற்குள் அந்த வீட்டிலிருந்து யாராவது செல்லுபடியாகும் உரிமத்தோடு வந்து நின்றால் இடம் அவர்களுக்கு. சித்திக்கு வேறு தொழில் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கஞ்சி காய்ச்சத் தெரியும். ஆனால் அவள் அந்த இருக்கையைத்தான் கேட்டாள்.

"துக்கம் கழியட்டும் இலாரியா" என்றாள் பசிலியா. "ஒரு வருஷம் செவேரோ ஓட்டட்டும்."

"ஒரு வருஷம் கழிச்சு அவர் சீட்ட விட்டு எந்திரிப்பாரா?"

"அவன் என் தம்பி. எந்திரிக்கச் சொன்னா எந்திரிப்பான்."

"உங்க தம்பிதானே என்னைக் கட்டினவரும். நீங்க சொல்லி அவர் எதுக்கும் எந்திரிச்சதே இல்லை."

பசிலியா வேறொன்று சொன்னாள். புது அட்டை வாங்குவதாயிருந்தால், அதற்கு முன்னால் பழைய அட்டையோடு போன சித்தியின் உயிரைக் கூப்பிட்டுத் திருப்ப வேண்டும். அதைத் தானே செய்கிறேன் என்றாள். சித்தியின் தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து சித்தியின் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு கேளு. கருப்புல படம் எடுத்துக்காத. அந்த அட்டை அஞ்சு வருஷம் உன் மடியில கிடக்கும். நீ துக்கம் கழட்டினாலும் அது கழட்டாது. விதவையாவே பிடிச்சு வச்சிக்கும்" என்றாள்.

மறுநாள் காலை பசிலியா ஓடைக்கரையில் சாம்பல் கிடந்த இடத்தில் நின்று, சித்தியின் தொப்பியை ஆட்டி ஆட்டி, "இலாரியா, வா! வீட்டுக்கு வா! அங்க நிக்காத, வா!" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அதே நேரம் வெறுந்தலையோடு சித்தியும் கூடவே நானும் காவல் நிலையத்தில் காணாமல் போன பொருட்களுக்கான வரிசையில் நின்றிருந்தோம்.

மேசையில் ஒரு இளம் போலீஸ்காரர். இரண்டு விரலால் தட்டச்சு செய்வார். எங்களைப் போலவே கன்னம் காய்ந்து சிவந்த மேட்டு நிலத்து முகம்.

"என்னம்மா தொலைச்சீங்க?"

"லைசென்ஸு. தொலைக்கல தம்பி. எரிஞ்சு போச்சு."

"எரிஞ்சதா, தொலைஞ்சதா? ரெண்டும் வேற வேற."

"எரிஞ்சதுதான்."

"அப்ப எரிஞ்ச அட்டையக் கொண்டாங்க. சேதமானதுக்கு மாத்து வேணும்னா சேதமானதக் குடுக்கணும். ஒரு ஓரம் மிஞ்சியிருந்தாக்கூடப் போதும்."

"ஓரம் ஏது? சாம்பல ஆத்துல விட்டாச்சு."

"ஆத்துலயா? அட்டையப் போய் யாரும்மா ஆத்துல விடுவாங்க?"

"புருஷன் துணியோட போயிடுச்சு, தம்பி. எட்டாம் நாளு."

அவருடைய இரண்டு விரல்களும் எழுத்துகளின் மேலிருந்து எழுந்துவிட்டன. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். போலீஸ்காரர் மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இத நான் எழுத மாட்டேன்மா. என் கையால எழுத மாட்டேன். தொலைஞ்சுதுன்னே சொல்லுங்க. எங்க தொலைஞ்சுது, அத மட்டும் சொல்லுங்க."

"எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுதே. தெரிஞ்சத எப்படித் தொலைஞ்சுதுன்னு சொல்றது?"

பின்னால் நின்ற ஆள் பெருமூச்சு விட்டான். "சந்தையில நெரிசல்லன்னு எழுதுங்க சார்" என்றேன் நான். எத்தனையோ எல்லைகளில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று பழகிய வாய். அவர் நன்றியோடு என்னைப் பார்த்துவிட்டுத் தட்டத் தொடங்கினார். சித்தி கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தவள், "நெல்டா, உன் சித்தப்பா சந்தைக்கு வர்றதுன்னாலே ஓடுவாரு. கடைசியில அவரோட சேர்த்து என்னையும் சந்தையிலயே தொலைச்சிட்டியே" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள்.

உரிமம் தரும் அலுவலக வாசலில் ஒரு பெண் கயிறு கட்டி, படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்குச் சட்டைகள் வாடகைக்குக் கொடுப்பாள். கோட்டுகள், வெள்ளைக் காலர் மட்டும் தைத்த முன்பக்கங்கள், கழுத்துப் பட்டைகள். சித்தி அந்தக் கயிற்றைத் தாண்டி இரண்டு முறை போனாள், இரண்டு முறை திரும்பி வந்தாள்.

"வாங்கம்மா, புதுசா?" என்றாள் அந்தப் பெண்.

"யாரு புதுசு?"

"துக்கம் புதுசா?"

"ஆமா."

"இதப் போட்டுப் பாருங்க. விதவைங்களுக்கு இதான் குடுப்பேன். மூஞ்சிக்கு ரத்தம் வந்த மாதிரி இருக்கும்."

அடர்சிவப்பில் ஒரு பின்னல் சட்டை. முழங்கையில் நூல் பிரிந்திருந்தது, படத்தில் முழங்கை வராது. சித்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு துணித் திரைக்குப் பின்னால் போய்க் கருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கழற்றிய கருப்புச் சால்வையை என் கையில் தரவில்லை. மடித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள், அதுவும் படத்தில் வராது.

"சிரிக்க வேண்டாம்மா" என்றார் படம் எடுப்பவர்.

"சிரிப்பு வரல."

"அப்படியே இருங்க. அருமை."

அட்டை கைக்கு வந்தபோது இன்னும் சூடாக இருந்தது. சித்தி அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். நல்ல படம். உண்மையிலேயே நல்ல படம். ஏதோ திருவிழாவுக்குப் புறப்பட்டவள் மாதிரி இருந்தாள். "இவ யாருடி?" என்றாள். பிறகு வாடகைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்து, கருப்பைப் போர்த்திக்கொண்டு, அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

மாதக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கொட்டகையில் நடந்தது. தகரக் கூரை. வாயிலிருந்து ஆவி பறக்கும் குளிர். மேசை நடுவே ஒரு துணியில் கொக்கா இலை. உறுப்பினர்கள் பெஞ்சுகளில், அவர்கள் வீட்டு ஆட்கள் சுவரோரமாக. சுவரோரத்தில் நான், எனக்குப் பக்கத்தில் பசிலியா, அவளுக்குப் பக்கத்தில் செவேரோ. செவேரோவுக்கும் உரிமம் இருந்தது. கோச்சபாம்பா பாதையில் யாருக்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராத வேலை.

செயலாளர் அபுந்தியோ வயதானவர், கடுமையானவர் அல்ல. நிக்கனோருக்காக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றார்கள். பிறகு காலியிடத்தை எடுத்தார். சித்தி முன்னால் போய் அட்டையை மேசையில் வைத்தாள்.

"புது லைசென்ஸ். எல்லாம் சரியா இருக்கு. பார்த்துக்குங்க."

முதலில் பேசியது மெலித்தோன். சித்தியிடம் கஞ்சி குடித்துக் குடித்தே தொப்பை வைத்த ஆள். "பேப்பர் சரிதான் அக்கா, நான் பேப்பரச் சொல்லல. நிக்கனோர் அண்ணன் அங்க மதியம்வரைக்கும் ஓட்டிட்டு, மாத்து ஆளு வரலையேன்னு இடுப்பப் பிடிச்சிட்டு நிப்பாரு. அவருக்கு இடுப்பு வலி இருக்கே. எவ்வளவு நேரம் பொறுப்பாரு?"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, அவர்களைத்தான் சித்தி பார்த்தாள்.

"அவர் என்னைக் கூப்பிடணும்னா தனியாக் கூப்பிடுவாரு" என்றாள். "வண்டி நிறைய ஆளோட கூப்பிட மாட்டாரு. டயர் தேயும்னு யோசிக்கிற மனுஷன்."

இதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். ஒரு நிமிடம் கொட்டகைக்குள் காற்று மாறியதுபோல் இருந்தது. பசிலியா ஓடைக்கரையில் கூப்பிட்டுவிட்டாள் என்றும், தொப்பி திரும்பத் தலைக்கு வந்துவிட்டது என்றும் யாரோ சொன்னார்கள். அபுந்தியோ தலையை ஆட்டினார். அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தார். அது பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிப் போனது. எல்லோரும் வழக்கப்படி காலாவதித் தேதியைப் பார்த்தார்கள், எந்த வகை வண்டிக்கு என்று பார்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருவர் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"இந்தப் படம் எப்ப எடுத்தது?"

"போன வாரம்" என்றாள் சித்தி.

"போன வாரமா? அப்ப கருப்பு எங்க?"

அட்டை திரும்பவும் முன் பெஞ்சுக்கு வந்தது. இப்போது யாரும் தேதியைப் பார்க்கவில்லை. "ஒரு மாசம்கூட ஆகல" என்றார் ஒருவர். "செவப்புல" என்றார் இன்னொருவர்.

"அட்டைக்காகத்தான்யா" என்றாள் சித்தி. "படம் எடுக்குற நேரம் மட்டும்தான் கழட்டினேன். மடியிலதான் வச்சிருந்தேன். அஞ்சு வருஷம் இருக்குற அட்டை, கருப்புல எடுக்கக்கூடாதுன்னு…" அவள் திரும்பிச் சுவரோரம் பார்த்தாள்.

பசிலியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் அசையவில்லை. உறையை எரித்த பழி ஏற்கனவே அவள் தலையில்தான் இருந்தது. அதற்கு மேல் இதையும் வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். தம்பியின் வண்டி இன்னொரு தம்பியின் கைக்குப் போவதில் அவளுக்கு வருத்தமும் இருந்திருக்காது. இரண்டில் எது அதிகம் என்று எனக்குத் தெரியாது. "அவங்கதான் சொன்னாங்க" என்று நான் சத்தமாகச் சொன்னேன். வெளியூர் சுற்றிவிட்டு வந்த பெண்ணின் பேச்சுக்கு அங்கே யாரும் தலையைத் திருப்பவில்லை.

அபுந்தியோ நீண்ட நேரம் கொக்கா இலையைக் கிளறினார்.

"உங்களை யாரும் தள்ளல இலாரியா" என்றார். "நீங்க ஓட்டுறது எங்களுக்குத் தெரியும். இங்க பாதிப் பேரவிட நல்லா ஓட்டுவீங்க. ஆனா அந்தச் சரிவில நாளைக்கு ஒரு வண்டி போச்சுன்னு வைங்க, மழையில, மழையாலதான், உங்களால இல்ல. சனம் என்ன சொல்லும்? புருஷன் கூப்பிட்டான்னு சொல்லும். துக்கத்த மதிக்கல, அதான் கோவத்துல கூப்பிட்டான்னு சொல்லும். தெரிஞ்சும் ஏத்தி விட்டாங்கன்னு எங்களச் சொல்லும்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"இடம் உங்க வீட்டுலயே இருக்கட்டும். வெளியாளுக்குக் குடுக்கல. ஒரு வருஷம் செவேரோ ஓட்டட்டும். வண்டி உங்களோடதுதான், நீங்களும் கூடவே இருங்க. கதவுப் பக்கம்."

கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். சித்தி ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். மெலித்தோன் கையைக் கடைசியில், தோள் உயரம்தான் தூக்கினான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் செவேரோ தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, "நான் கேக்கல அண்ணி. சத்தியமா நான் கேக்கல" என்றார்.

"வேண்டாம்னும் சொல்லலையே" என்றாள் சித்தி.

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். பசிலியா அதற்குள் தெருமுனை தாண்டிப் போயிருந்தாள்.

சில வாரங்கள் சித்தி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்தாள். எங்கள் ஊர் மினிபஸ்களில் கதவருகே ஒருவர் நின்று, தலையை வெளியே நீட்டிப் போகுமிடம் கூவிக்கொண்டே வருவார். பெரும்பாலும் சின்னப் பையன்களும் வேலை தேடி வந்த பெண்களும் செய்கிற வேலை. கருப்புச் சால்வையை மார்புக்குக் குறுக்கே இறுக்கி முடிந்துகொண்டு சித்தி அங்கே நின்றாள்.

அந்தச் சமயம் எனக்கு மறுபடியும் கால் அரிக்கத் தொடங்கியிருந்தது. சிலி நாட்டுக்குப் போகும் பேருந்தில் சீட்டு வாங்கிவிட்டு, சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மதியம் அவள் வண்டியில் ஏறினேன்.

"சேஹா சேஹா சேஹா! இறங்கி லா பாஸு! ஏறு ஏறு, உள்ள போ, இடம் இருக்கு! ஏ நெல்டா, உள்ள போடி, வாசல அடைக்காத!" குரல் கட்டிப் போயிருந்தது. முன்னால் செவேரோ இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டியில் இடமில்லாமல் ஆள் நிறைந்திருந்தது. சித்தி ஓட்டாத வண்டியில் ஏற யாருக்கும் பயமில்லை.

சரிவு தொடங்கும் சேஹா முனையில் போலீஸ் கை காட்டியது. செவேரோ தன் உரிமத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். போலீஸ்காரர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சித்தியும் ரவிக்கைக்குள் கைவிட்டுத் தன்னுடையதை எடுத்து, கதவுப் பக்கமிருந்து நீட்டினாள்.

போலீஸ்காரர் அதை வாங்கவில்லை. "நீங்களா ஓட்டுறீங்க?"

"இல்ல."

"அப்ப எதுக்கும்மா? உள்ள வைங்க."

"சும்மா, பார்க்கிறீங்களான்னு."

"கூவுறதுக்கு லைசென்ஸ் வேண்டாம்மா" என்று சிரித்தார். வண்டிக்குள் இரண்டொருவர் சிரித்தார்கள். சித்தி அட்டையை உள்ளே வைத்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினாள்.

வண்டி சரிவில் இறங்கியது. கீழே நகரம் கிண்ணம்போல் கிடந்தது. முதல் வளைவில் செவேரோ கியர் மாற்றுவதில் தாமதித்தார். லாரிப் பழக்கம். எஞ்சின் உறுமியது, எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். என் முன்னால் நின்றிருந்த சித்தியின் கருப்புப் பாவாடை ஒருமுறை அசைந்தது. அவளுடைய இடது கால் வெறும் தகரத் தரையை அழுத்தி மிதித்து, ஒரு கணம் அப்படியே இருந்து, மெல்ல மேலே வந்தது. அடுத்த வளைவிலும் மிதித்தது. அதற்கடுத்ததிலும்.

சிலிக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்ல வந்தவள், சொல்லாமலே கீழே இறங்கிக்கொண்டேன்.